கென்வாஸைச் சுருட்டி வையுங்கள்: கன்றுக் கொட்டகையில் நிமோனியாவைத் தடுத்த கதை

எங்கள் பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி இருமினால் முதலில் நடப்பது, கொட்டகையின் நாலு பக்கமும் கென்வாஸ் படுதாவை இறக்கிவிடுவதுதான். "புள்ளைக்குச் சளி புடிச்சிருக்கும்மா, காத்துப் படக்கூடாது" என்பார் மாமா. என் மாமனாரைச் சொல்கிறேன். அவர் மட்டுமா? மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருக்கும் பெரியவர்கள் முக்கால்வாசிப் பேர் இதையேதான் சொல்வார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவிய காலத்தில் லயத்து வீட்டுக்குப் பின்னால் ரெண்டு மாடு கட்டி, அந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். மாட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அடைத்துப் போட்ட கொட்டகையில்தான் நிமோனியா வளர்கிறது. கன்றுக்கு வேண்டியது நல்ல காற்றும் காய்ந்த படுக்கையும்.

எங்கள் வீட்டில் பால் கறப்பது, டவுனுக்குக் கொண்டுபோய் ஊற்றுவது எல்லாம் கணவர் வேலை. கன்றுகள் என் பொறுப்பு. பெரும்பாலும் ஃபிரீஷியனும் சாஹிவாலும் கலந்த மாஃப்ரிவால் வகை. சுற்றிலும் செம்பனை. சாயங்காலம் நாலு மணி வாக்கில் வானம் இருட்டும், இடி இடிக்கும், மழை கொட்டும். இரவெல்லாம் இலை சொட்டிக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் கொட்டகைத் தகரத்தைத் தொட்டால் உள்பக்கமும் நனைந்திருக்கும். இந்த ஈரம்தான் எங்கள் ஊர்ப் பிரச்சினை.

கன்று வளர்ப்பு வீடியோக்களைப் பார்த்தால் வெள்ளைக்காரன் ஊர்ப் பனியைப் பற்றித்தான் பேசுவார்கள். கன்றுக்குச் சட்டை மாட்டுவார்கள், கால் மறையும் அளவுக்கு வைக்கோல் போடுவார்கள். பிறந்த கன்றுக்குக் குளிர் தாக்கத் தொடங்குவது 10 முதல் 15 டிகிரிக்குக் கீழே போகும்போதுதான். நமக்கு நடுராத்திரியில்கூட 22, 23 டிகிரி இருக்கும். உடம்பு காய்ந்திருக்கிற கன்றை அந்தக் காற்று ஒன்றும் செய்யாது. நனைந்த கன்று என்றால் கதை வேறு. அதனால் மழைச் சாரலைத் தடுக்க வேண்டும், காற்றைத் தடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் கோளாறே.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஒருமுறை வெளியிலிருந்து வாங்கி வந்த ஒரு கிடேரிக் கன்று செத்துப்போனது. வெட்னரி டாக்டர் வந்து, கொட்டகைக்குப் பின்னால் சாக்கு விரித்து, நெஞ்சைத் திறந்து காட்டினார். நுரையீரலின் பின்பக்கமும் மேல்பக்கமும் வெளிர் ரோஜா நிறம். விரலால் அழுத்தினால் அமுங்கி மறுபடி எழுந்தது. முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் கருஞ்சிவப்பு. தொட்டால் ஈரல் துண்டைத் தொட்ட மாதிரி கெட்டியாக இருந்தது. அவர் ரெண்டு பக்கத்திலும் ஒவ்வொரு துண்டு அறுத்து வாளித் தண்ணீரில் போட்டார். ரோஜா நிறத் துண்டு மிதந்தது. கருஞ்சிவப்புத் துண்டு நேராக அடிக்குப் போய்விட்டது. அதற்குள் காற்று இல்லை, போகவும் வழியில்லை என்று மலாயில் விளக்கினார். இது ஓரிரு நாளில் வந்ததில்லை, ரொம்ப நாளாகவே உள்ளே நடந்துகொண்டிருந்திருக்கிறது என்றும் சொன்னார். அந்தக் கன்று சாவதற்குக் கொஞ்ச நாள் முன்புவரை பாலை ஒழுங்காகக் குடித்துக்கொண்டிருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கெட்டுப்போன அந்தப் பகுதி பழைய நிலைக்கு முழுசாகத் திரும்புவது அரிது. பிழைத்துக்கொண்ட கன்றும் மெதுவாக வளரும், சினை பிடிக்கத் தாமதமாகும், முதல் ஈற்றில் பால் குறையும். மருந்துச் செலவை மட்டும் கணக்குப் பார்ப்பவர்கள் இதைச் சேர்ப்பதில்லை.

நோயைக் கொண்டுவரும் கிருமிகள் பல. மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும் வைரஸ் முதலில் வந்து கதவைத் திறந்துவிடும். பாஸ்டுரெல்லா, மான்ஹைமியா, மைக்கோபிளாஸ்மா மாதிரி பாக்டீரியாக்கள் பின்னாலேயே நுழையும். இவற்றில் சில நன்றாக இருக்கும் மாட்டின் மூக்கிலும் தொண்டையிலும்கூடச் சும்மா இருக்கும். கிருமியே இல்லாத கொட்டகை என்று ஒன்று கிடையாது. கன்றின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு, அது சுவாசிக்கும் காற்று எப்படி, இந்த இரண்டும்தான் நம் கையில் இருக்கிறது.

காற்றைச் சோதிக்க ஒரு கருவியும் வேண்டாம். கென்வாஸ் இறக்கியிருக்கும் கொட்டகைக்குள் போய், கன்று படுத்திருக்கும் இடத்தில் முட்டிபோட்டு, அதன் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குனிந்து கொஞ்ச நேரம் மூச்சு விட்டுப் பாருங்கள். மூக்கு எரியும், கண் கரிக்கும். கோமியத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா அது. அடிப்படுக்கை நனைந்திருக்க நனைந்திருக்க அங்கேயே தேங்கி நிற்கும். சின்னக் கன்று நாளில் முக்கால் பங்கு நேரம் படுத்தேதான் கிடக்கும். அதற்கு வேறு காற்று கிடையாது. நம் வீட்டு ஆம்பிளைகள் வாசலில் நின்றுகொண்டே, "ஒரு வாடையும் இல்லியே" என்பார்கள். நின்றால் எப்படித் தெரியும்?

அப்படியே எழுந்திருக்கும்போது உங்கள் முட்டியையும் பாருங்கள். அரை நிமிடம் முட்டிபோட்டதில் கைலி நனைந்திருந்தால் படுக்கையை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். நான் தினம் காலையில் இப்படித்தான் பார்க்கிறேன்.

கொட்டகையில் நாங்கள் செய்த மாற்றங்கள் பெரிய செலவில்லாதவை. பக்கச் சுவராக அடித்திருந்த தகரத்தைக் கழற்றிவிட்டுக் கம்பி வலை போட்டோம். கூரையை வெளிப்பக்கம் ஒரு மீட்டர் நீட்டினோம். அதிலேயே சாரலில் பாதி நின்றுவிட்டது. கென்வாஸ் இன்னும் இருக்கிறது, ஆனால் மழை அடிக்கும் பக்கம் மட்டும் இறங்கும். அதுவும் கூரைக்குக் கீழே ஒன்றரை அடி திறப்பு விட்டுத்தான் கட்டியிருக்கிறோம். மழை விட்டதும் சுருட்டிவிட வேண்டும். இதற்கு மாமாவோடு தினம் ஒரு பஞ்சாயத்து. நான் சுருட்டுவேன், அவர் இறக்குவார். கடைசியில் கணவர், மேலிருந்து இறங்கும் கென்வாஸைக் கழற்றி, கீழிருந்து மேலே இழுக்கும்படி மாற்றிக் கட்டினார். இப்போது முழுக்க இழுத்தாலும் மேலே திறப்பு இருக்கும். கீழே சாரலுக்கு மறைப்பு, மேலே காற்றுக்கு வழி. மாமாவுக்கும் திருப்தி.

பெரிய மாடுகள் இருக்கும் கொட்டகையில் அவற்றின் உடம்புச் சூடே கெட்ட காற்றை மேலே கிளப்பி வெளியே தள்ளும். அஞ்சாறு கன்றுகளுக்கு அந்தச் சூடு போதாது. காற்று அசையாத ராத்திரிகளில் ஃபேன் போட்டே ஆக வேண்டும். எங்கே மாட்டுவது என்பதில்தான் விஷயம். புதிதாகப் பிறந்த கன்றுகள் இருக்கும் பக்கத்திலிருந்து பெரிய கன்றுகள் பக்கமாகக் காற்று போக வேண்டும். திருப்பி மாட்டினால் பெரியவை இருமுவதையெல்லாம் சின்னவற்றின் மூக்குக்கே அனுப்புகிறோம். பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு நடுவே மூக்கோடு மூக்கு உரசாத உயரத்துக்குப் பலகை, முன்னும் பின்னும் வலை. ஒரு கன்றுக்கு ஏறக்குறைய 3 சதுர மீட்டர் இடம் விட்டால் படுக்கையும் சீக்கிரம் நனையாது.

தரை விஷயத்தில் எங்கள் ஊரில் பலருக்கும் ஒரு பழக்கம்: சாயங்காலம் கன்றுகளை உள்ளே வைத்துக்கொண்டே குழாயைத் திருகித் தரையை அடித்துக் கழுவுவது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் தண்ணீர் வேகமாகப் பட்டுத் தெறிக்கும்போது சாணியும் கிருமியும் பொடிப்பொடித் துளியாகக் காற்றில் ஏறுகின்றன. கன்று அதைத்தான் இழுக்கிறது. அதோடு, ராத்திரி ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும் ஊரில் சாயங்காலம் கழுவிய தரை எப்போது காயும்? நான் காலையில், வெயில் ஏறிய பிறகு, கன்றுகளை வெளியே கட்டிவிட்டுத்தான் கழுவுகிறேன். தரைக்கு 20 அடிக்கு 1 அடி சரிவு இருந்தால் கோமியம் தானாக வாய்க்காலுக்கு ஓடிவிடும். இல்லாவிட்டால் ஆட்டுக் கொட்டகையில் போடுகிறார்களே, இடைவெளி விட்ட பலகைத் தளம், அதைப் போடலாம். பிறந்த கன்றுகளுக்கு நாங்கள் அதைத்தான் போட்டு, மேலே ரப்பர் மரச் சீவல் பரப்புகிறோம். மூவார் பக்கம் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைகள் நிறைய இருப்பதால் சீவல் கிடைப்பது கஷ்டமில்லை. மாவு மாதிரி நைசான மரத்தூள் வேண்டாம். அதுவே இருமலைக் கிளப்பும். ஒட்டுப்பலகை அறுத்த தூளும் கூடாது. தளத்துக்கு அடியில் சேரும் சாணியை வாரி எடுக்காமல் விட்டால் பலகை போட்டும் பிரயோஜனமில்லை, அம்மோனியா கீழிருந்து மேலே வரும்.

அப்புறம் மூட்டம். பொழுது சாய்ந்ததும் கொட்டகை வாசலில் தேங்காய் மட்டையும் காய்ந்த ஓலையும் போட்டுப் புகை மூட்டுவது தோட்டத்துப் பழக்கம். கொசுவும் ஈயும் ஓடும், உண்மைதான். ஆனால் புகை மூச்சுக்குழாயின் உள்தோலைக் கெடுக்கும். கிருமியை வெளியே தள்ளும் மெல்லிய மயிர்கள் அங்கேதான் இருக்கின்றன. கென்வாஸையும் இறக்கிவிட்டு உள்ளே மூட்டத்தையும் போட்டால் கன்றின் கதி என்ன ஆகும்? 2015-லும் 2019-லும் வந்த புகைமூட்டத்தில் நாமே முகமூடி மாட்டிக்கொண்டு திரிந்தோம். ஊர்ப் புகையை நிறுத்துவது நம் கையில் இல்லை, கொட்டகைப் புகையையாவது நிறுத்தலாம். ஃபேன் காற்றில் கொசு உட்காருவது குறைவு. சாணிக் குவியலைத் தள்ளி வைத்து, வாய்க்காலில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் மீதியும் குறையும். பெரிய மாடுகளுக்கு மூட்டம் போட்டே ஆக வேண்டும் என்றால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் போடுங்கள்.

இனி சீம்பால். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் அக்கம்பக்கத்து மனஸ்தாபமும் உண்டு. மாடு கன்று போட்டது என்று தெரிந்தால் போதும், கையில் தூக்குச்சட்டியோடு ஆள் வந்துவிடும். வெல்லமும் ஏலக்காயும் போட்டுச் சீம்பால் காய்ச்சிச் சாப்பிடாத தோட்டத்துப் பிள்ளை யார்? "முதல் சீம்பால்தான் கெட்டியா இருக்கும், அதக் குடு" என்று கேட்டு வாங்குவார்கள். கன்றுக்கும் அந்த முதல் சீம்பால்தான் வேண்டும். தாயின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி எதுவும் வந்து சேர்வதில்லை. எல்லாமே சீம்பால் வழியாகத்தான். குடல் அதை அப்படியே உறிஞ்சும் திறன் பிறந்த முதல் சில மணி நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும், 24 மணி நேரத்தில் அடங்கிவிடும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 6 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். தாயிடமே ஊட்ட விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மடி தொங்கும் மாட்டில் கன்று காம்பைத் தேடியே பாதி நேரத்தைப் போக்கிவிடும். எவ்வளவு குடித்தது என்பதும் நமக்குத் தெரியாது. கறந்து, அளந்து, காம்பு போட்ட பாட்டிலில் கொடுப்பதே நிச்சயம்.

சீம்பாலின் தரத்தைப் பழத்தின் இனிப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்கலாம். இணையத்தில் மலிவாகவே கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் பிரிக்ஸ் அளவு 22-க்கு மேல் இருக்க வேண்டும். அதற்கு மேல் வரும் மாட்டில் மிச்சம் பிடித்து உறைய வைத்துக்கொள்கிறேன். தலைச்சன் ஈற்று மாட்டுக்குச் சீம்பால் குறைந்தால் அதுதான் கைகொடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து உருக்க வேண்டும். அடுப்பில் ஏற்றினால் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து வெந்துபோகும். தூக்குச்சட்டிக்காரர்களுக்கு? மறுநாள் கறவையில் தருகிறேன். கொஞ்சம் தண்ணியாக இருக்கிறது என்று முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

சீம்பால் நாட்கள் முடிந்ததும் பாலைக் குறைத்துவிட்டு மிச்சத்தை விற்கத் தோன்றும். ஒவ்வொரு லிட்டரும் காசு, எனக்கும் தெரியும். ஆனால் பசியோடு வளரும் கன்றுக்கு எதிர்க்கத் தெம்பு ஏது? மூணு லிட்டரில் நிறுத்தாமல் 5, 6 லிட்டர் வரை மெல்ல மெல்ல ஏற்றுகிறேன்.

பால் கொடுக்கும் விதத்திலேயே நிமோனியா வரவழைக்கலாம். சீக்கிரம் முடியட்டும் என்று பாட்டில் காம்பின் ஓட்டையைப் பெரிதாக வெட்டுவார்கள். கன்று விழுங்குவதற்குள் பால் கொட்டி, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாட்டிலைத் தாயின் மடி உயரத்தில் பிடித்தால் போதும். அதைவிட மோசம் மருந்து புகட்டுவது. கன்றின் மூக்கைப் பிடித்துத் தலையை வானம் பார்க்கத் தூக்கி, மூங்கில் குழாயில் கஷாயத்தையோ நல்லெண்ணெயையோ ஊற்றுவது. தலை அப்படி நிமிர்ந்திருக்கும்போது கன்றால் சரியாக விழுங்க முடியாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் எந்த ஊசியாலும் அதை வெளியே எடுக்க முடியாது. கஷாயத்தின் மீது எனக்குக் கோபமில்லை. ஏற்கெனவே மூச்சு வாங்கும் கன்றின் வாயில் எதையும் வலுக்கட்டாயமாக ஊற்றாதீர்கள், அவ்வளவுதான்.

நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு தெர்மாமீட்டர் போதும். டவுன் மருந்துக் கடையில் விற்கும் சாதாரண டிஜிட்டல் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. இருமல் வரும்வரை காத்திருந்தால் பாதி ரயில் போய்விட்டது என்று அர்த்தம். பாலை மிச்சம் வைப்பதும் தாமதமாகத் தெரியும் அறிகுறிதான். காய்ச்சல் முதலில் வரும். கன்றின் உடம்புச் சூடு சாதாரணமாக 38.5 டிகிரியிலிருந்து 39.3 வரை இருக்கும், 39.5-ஐத் தாண்டினால் நான் உஷாராகிவிடுவேன். மத்தியான வெயிலில் எல்லாக் கன்றும் சூடாகத்தான் இருக்கும், அதனால் விடியற்காலையில் பார்க்க வேண்டும். ரெண்டு வாரத்திலிருந்து ரெண்டரை மாதம் வரை உள்ள கன்றுகளைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கிறேன். சீம்பால் தந்த பாதுகாப்பு தேய்ந்துகொண்டே போகும், சொந்தச் சக்தி இன்னும் முழுசாக வந்திருக்காது, அப்படிப்பட்ட வயது அது. மூக்கில் தண்ணீர் மாதிரி வடிந்து, பிறகு வெள்ளையாகக் கெட்டியாகும். ஒரு காது மட்டும் தொங்கும். கண்ணோரம் ஈரக்கோடு தெரியும். மற்றவை வாளிச் சத்தம் கேட்டு எழுந்து ஓடிவரும்போது ஒன்று மட்டும் யோசித்து யோசித்து எழுந்திருக்கும். அந்த ஒன்றுக்குத்தான் அன்றைக்கு முதல் தெர்மாமீட்டர்.

தொண்டை வீங்கி, காய்ச்சல் அடித்து, மளமளவென்று விழுந்தால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். உடனே வெட்னரிக்குச் சொல்ல வேண்டும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, போட வரும்போது ஒளிந்துகொள்ளாதீர்கள்.

2023 மார்ச்சில் ஜொகூரில் வெள்ளம் வந்தபோது தாழ்வான கொட்டகையில் இருந்த கன்றுகளையெல்லாம் மேட்டுக் கொட்டகைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. பிறந்து சில நாளான கன்றும் பால் மறந்த கன்றும் ஒரே கூரையின் கீழ். வேறு வழியில்லை. தண்ணீர் வடிந்த கையோடு இருமல் கிளம்பியது, சின்னவற்றுக்குத்தான் அதிகம். பெரிய கன்றுகள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மூக்கில் கிருமியைச் சுமந்துகொண்டு திரியும். அதன்பின் நாங்கள் வயது வாரியாகப் பிரித்து வைப்பதில் கறாராகிவிட்டோம். கறவையில் உள்ள பெரிய மாடுகளுக்கும் கன்றுகளுக்கும் ஒரே காற்று வேண்டாம். வெளியிலிருந்து வாங்கும் கன்று மூணு வாரம் தனியே, தூரத்தில். அதற்குக் கடைசியில்தான் பால் ஊற்றுவேன். அதன் வாளி வேறு, காம்பு வேறு. பால் மறக்கடிப்பது, கொம்புக் குருத்தைச் சுடுவது, இடம் மாற்றுவது, இவற்றை ஒரே வாரத்தில் செய்வதில்லை. ஒவ்வொன்றும் கன்றுக்கு ஒரு அதிர்ச்சி. மூணும் சேர்ந்தால் அடுத்தது இருமல்தான்.

காய்ச்சல் கண்டால் டாக்டரைக் கூப்பிடுகிறேன். மிச்சம் கிடக்கும் ஊசி மருந்தை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று பக்கத்தில் யோசனை சொல்லத் தயாராக ஆள் இருக்கும், கேட்பதில்லை. காய்ச்சல் எத்தனை, எப்போதிலிருந்து, இதற்கு முன் படுத்ததா என்று நோட்டில் எழுதி வைத்திருப்பதால் டாக்டருக்கும் வேலை சுலபம். பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கோடு வீக்கமும் காய்ச்சலும் குறைய ஒரு மருந்தும் கொடுப்பார். இரண்டாம் நாளே கன்று துள்ளும். அதைப் பார்த்து ஊசியை நிறுத்தினால் அடுத்த வாரம் மறுபடி படுக்கும், அப்போது அந்த மருந்து கேட்காமலும் போகலாம். சொன்ன நாள் முடியும்வரை போட்டுத்தான் ஆக வேண்டும். ரெண்டு மூணு முறை படுத்து எழுந்த கிடேரியைக் கறவைக்கு வைத்துக்கொள்வதில்லை. மாமா முனகுவார், முகம் பார்த்து வளர்த்தது என்பார். இருந்தாலும் விற்றுவிடுகிறோம், மருந்து உடம்பை விட்டுப் போக டாக்டர் சொன்ன கெடு தாண்டிய பிறகு.